குரல் இறங்கிய வருஷத்துத் திருவிழாக்கள்

பதினாறு வருஷமாக நானும் அக்காவும் ஒரே அரசு அலுவலகத்தில், ஒரே செக்ஷனில், அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் சேர்ந்த முதல் நாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அவள் பாறசாலைக்குத் தெற்கே மாநில எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரி, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் காலை பாசஞ்சரில் வந்து சாயங்காலம் திரும்புவாள். நான் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். செக்ஷனில் மற்ற எல்லாரிடமும் மலையாளம். நாங்கள் இருவர் மட்டும் தமிழ். அதிலும் அவள் தமிழ் ஒரு தினுசு, என் தமிழ் ஒரு தினுசு. "நீங்கோ சாப்டேளா?" என்று நான் கேட்டால், "தின்னாச்சு மக்ளே" என்பாள்.

அவள் பாடுவாள். சும்மா முணுமுணுக்கிற பாட்டு இல்லை. அவர்கள் சபையின் பாடகர் குழுவில் பதிமூன்று வயதிலிருந்து நிற்கிறவள். கோயர் என்று சொல்வார்கள். அதில் பெண்களின் மேல்குரலுக்கு சோப்ரானோ என்று பெயர். அந்த வரிசையில் இவள்தான் முதல் ஆள். டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் செக்ஷனுக்கே அது தெரிந்துவிடும். ஃபைலைப் புரட்டிக்கொண்டே உதடு அசையாமல் பாடுவாள். அந்தக் குரல் ஃபேன் சத்தத்துக்கு மேலே மெல்லிசாக ஏறி நிற்கும். எங்கள் சூப்ரண்ட் கண்டிப்பான மனிதர். அவர்கூட அதை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. பரிசோதனையெல்லாம் முடிந்து, கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்குப் பாதிக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார். அந்தச் சிலரில் ஒருத்தியாக அக்கா ஆகிப்போனாள். முதல் ஒரு மாதம் காற்று மட்டும் வந்தது. பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போய்ப் போய், ஆறு மாதத்தில் பேச வந்தது. ஆனால் அது வேறொருத்தியின் பேச்சு. கனமாக, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருந்தது. மேலே ஏற முயற்சித்தால் அறுந்துபோகும்.

அந்த வருஷம் டிசம்பரில் செக்ஷனில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் கோயரில் இருந்து விலகி, சபையில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்பதை மாதக்கணக்கில் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். பாட்டு வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், இவளும் நிற்பாள், புத்தகத்தைத் திறக்கமாட்டாள்.

நான் நவராத்திரிக் கச்சேரி தொடங்கி ஊரில் எங்கே பாட்டு நடந்தாலும் போய் உட்காருகிறவள். முன்பெல்லாம் மறுநாள் காலையில் அவளிடம் முழுசாக ஒப்பிப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கண்ணில்லாதவளிடம் போய் வானவில்லை வர்ணிக்கிற மாதிரி இருக்குமே என்று பயம். நான் மறைப்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஓணத்துக்கு அந்த மௌனம் கலைந்தது. ஓண வாரம் முடிகிற நாளில் வெள்ளயம்பலத்தில் இருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் ஊர்வலம் போகும். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் பஸ் ஓடாது. அக்கா ரயிலடிக்கு நடந்தே போகவேண்டும். துணைக்கு நானும் இறங்கினேன். பாளையத்துக்கு வரும்போதே சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நின்றது. ஒரு மருந்துக்கடைப் படியில் ஏறிக்கொண்டோம்.

வண்டிகள் வந்தன, புலி வேஷக்காரர்கள் வந்தார்கள், தெய்யக் கோலங்கள் வந்தன. வடக்கே இருந்தும் கிழக்கே இருந்தும் வந்த வெளிமாநில ஆட்டக்காரர்கள் பளபளவென்று வந்தார்கள். பிறகு சிங்காரி மேளம். ஐம்பது அறுபது பெண்கள், எல்லாரும் நேரியது என்கிற மேல்முண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் செண்டை தொங்க, ஆடிக்கொண்டே அடித்துவந்தார்கள். முதல் வரிசையில் இருந்தவளுக்கு நிச்சயம் அறுபது வயதிருக்கும். மருந்துக்கடைக்கு எதிரே வந்ததும் ஊர்வலம் ஏதோ காரணத்தால் நின்றது. அவர்கள் அடிப்பதை நிறுத்தவில்லை, நின்ற இடத்திலேயே அடித்தார்கள். மேளத்தின் வேகம் கூடிக்கொண்டே போனது. கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்து உள்ளே இருந்த பாட்டில்கள் சிணுங்கின. சத்தம் காதுவழியாக வரவில்லை, விலா எலும்புவழியாக வந்தது. கூட்டத்தில் ஒருவன் தாளத்துக்குக் கையைத் தூக்கினான், பத்துப்பேர் தூக்கினார்கள், சாலை முழுக்கத் தூக்கியது. திரும்பிப் பார்த்தால் அக்காவின் கையும் மேலே இருந்தது. மோதிர விரலில் ஆபீஸ் மசி. கன்னமெல்லாம் ஈரம்.

ரயிலைத் தவறவிட்டுவிட்டோம். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கையில் பிளாட்பாரப் பெஞ்சில் வைத்துச் சொன்னாள்:

"எனக்குப் பாட்டு போச்சு. காது போகல்ல, பாத்தியா. எங்கயெல்லாம் ஜனம் கூடி நின்னு பாடுதோ கொட்டுதோ, அங்கயெல்லாம் போணும் மக்ளே. நீ வாறியா?"

வருகிறேன் என்றேன்.

ஜனவரியில் திருவையாற்றுக்குப் போனோம். அது எனக்குப் பழக்கப்பட்ட உலகம், சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். காவிரிக்கரையில் பந்தல், இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாகப் பாடகர்கள், பேர்பெற்ற வித்வான்களும் நேற்றுப் பாடக் கற்றுக்கொண்டவர்களும் தோளோடு தோள் உரசித் தரையில் உட்கார்ந்து, அந்த ஐந்து பெரிய கிருதிகளையும் ஒரே குரலாகப் பாடுவார்கள். அக்காவுக்கு அந்தத் தெலுங்கில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் முதல் கிருதி எழும்பியபோது அவள் என் முழங்கையைப் பிடித்தவள் கடைசி கிருதிவரை விடவில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரு கமகத்தில் சேர்ந்து வளைவதைப் பார்த்தால் வயற்காட்டில் காற்று போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

திரும்புகிற ரயிலில் ஒரு சந்தேகம் கேட்டாள். இத்தனை பேர் இருக்கிறார்களே, எல்லாரும் ஒரே வரியைத்தான் பாடுவார்களா, அடியில் யாரும் வேறு எதுவும் பாடமாட்டார்களா என்று. அடியில் என்றால் என்ன என்று நான் கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு மதுரையில் இருந்து நாகர்கோவில் வரைக்கும் அவர்கள் பாட்டு கட்டப்பட்டிருக்கிற விதத்தை விளக்கினாள். நாலு குரல், நாலு வேறு வழி, ஆனால் நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மேல்குரல் சோப்ரானோ, அதன் கீழே பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ, பிறகு ஆண்களில் டெனர், எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ். முப்பது வருஷம் சுத்தமாக ஒரே ஸ்ருதியில் கேட்டுப் பழகிய எனக்கு, நாலு பேர் நாலு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சேர்வார்கள் என்பது பிடிபடவே இல்லை. "கேட்டாத்தான் தெரியும்" என்று விட்டுவிட்டாள்.

கேட்க வாய்த்த இடம் நாங்கள் கனவிலும் நினைக்காதது. அக்காவின் மகள் பின்லாந்தில் ஹெல்சிங்கியில் நர்ஸ். கடலுக்கு அந்தப் பக்கம் எஸ்தோனியா என்று ஒரு குட்டி நாடு. அதன் தலைநகர் தாலினில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நாட்டு ஜனமே கூடிப் பாடுகிற விழா ஒன்று உண்டு என்று அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மகள் அதை அம்மாவிடம் சொன்னாள், வரப்போகிற ஜூலையில்தான் அது, லீவ் போட்டுவிட்டு வா என்று. அக்காவின் கணவருக்கு விமானம் என்றாலே நடுக்கம். தனியாக வரமாட்டேன், அவள் வந்தால் வருகிறேன் என்று அக்கா என்னைக் காட்டிவிட்டாள்.

நான் சென்னைக்கு அப்பால் விமானத்தில் போனதில்லை. வீட்டில் சொன்னபோது என் கணவர் சிறிதுநேரம் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார். பிறகு, அங்கே நீ என்ன சாப்பிடுவாய் என்று மட்டும் கேட்டார். அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆபீசில் வெளிநாடு போக அனுமதி வாங்க ஃபைல் ஆறு மேஜை ஏறி இறங்கியது. காரணம் என்ற இடத்தில் 'பாட்டு கேட்க' என்று எழுதத் தயங்கி, 'சுற்றுலா' என்று எழுதினோம். சூப்ரண்ட் அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டபடி மலையாளத்தில், எனக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

வளைகுடாவில் ஓர் ஊரில் விமானம் மாறி ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தோம். மகளுக்கு விழா நாட்களில் டூட்டி மாற்றிக்கொள்ள முடியவில்லை. எங்களைக் கப்பலில் ஏற்றி, தங்கவேண்டிய இடத்தின் விலாசத்தை இரண்டு பேர் கைப்பையிலும் வைத்து, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினாள். இரண்டு மணி நேரக் கடல். அந்தக் கரையில் இறங்கியபோது மழை.

மழை நமக்குப் புதிதா என்ன. ஆனால் அது ஜூலை மாதத்தில் எலும்பைத் தொடுகிற மழை. புடவைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே மகளின் ரெயின்கோட் என்று இரண்டு மூட்டைகளாக நடந்தோம். ஊரின் நடுவில் ஒரு சதுக்கத்தில் இருந்து பாடகர் குழுக்களெல்லாம் அணிவகுத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு மணிநேரம் வேடிக்கை பார்க்கலாம் என்று நின்றோம். ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று, மூன்றாயிற்று, ஊர்வலம் தீரவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெண்களுக்கும் பாவாடையில் ஒரு தனிக் கோடு. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நெடுக்குக் கோடுகளாக நனைந்து கால்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. தாடிக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பாடுகிற தகப்பன், சக்கரநாற்காலியில் ஒரு பாட்டுக்காரர். ஒருவரும் குடை பிடிக்கவில்லை. நடைபாதையில் நிற்பவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவர்கள் கையசைக்க, கடந்துபோகும் ஒவ்வொரு குழுவும் தன் பாட்டைப் பாடிக்கொண்டே போனது. ஒரு குழுவின் பாட்டு தேய்வதற்குள் அடுத்தது கேட்க ஆரம்பிக்கும். இந்த நாட்டில் பாடத்தெரியாதவர்கள் எங்கேதான் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன்.

மறுநாள் மைதானத்துக்குப் போனோம். புல் மூடிய பெரிய சரிவு. சரிவின் அடியில் பாதி கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு பிரம்மாண்டமான வளைவுக்கூரை. அதன் கீழே படிப்படியாகப் பாடகர்கள் நிற்பதற்கு இடம். கூரைக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் கடல். நாங்கள் சரிவின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். வழியில் சந்தையில் ஸ்ட்ராபெரியும், தோலோடு பச்சைப்பட்டாணியும் வாங்கியிருந்தேன். அங்கே ஜனங்கள் பட்டாணியைக் கடலை மாதிரி உரித்து உரித்துத் தின்கிறார்கள். என் சாப்பாட்டுப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

பக்கத்தில் எங்கள் வயதொத்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளியின் ஒரு பக்கத்தை நீட்டினாள். அரைகுறை இங்கிலீஷில் பேச்சு தொடங்கியது. தன் மகள் அந்த வளைவுக்குக் கீழே எங்கேயோ நிற்கிறாள் என்று கையைக் காட்டினாள். தன் அம்மாவும் நின்ற இடம்தான் என்றாள். தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாடு வேறொரு பெரிய நாட்டின் கையில் இருந்ததாம். எதைப் பாடவேண்டும் என்று அவர்கள் சொல்வார்களாம். நாங்கள் அதைப் பாடுவோம், பாடி முடித்துவிட்டு எங்களுடையதையும் பாடுவோம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையோ கோபமோ இல்லை, வீட்டில் நடந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

உயரமான ஒரு மேடைமேல் நடத்துநர் ஏறினார். கையைத் தூக்கினார்.

அந்த முதல் ஒலியை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் ஆயிரமாக ஜனம் பாடினால் காது பிளக்கும் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அப்படி இல்லை. அவர்கள் மெதுவாகத் தொடங்கினார்கள். ஒருவர் ரகசியம் பேசினால் எவ்வளவு மெதுவோ அவ்வளவு. ஆனால் அந்த ரகசியத்தை ஒரு மலை பேசினால் எப்படி இருக்கும்? சத்தம் பெரிதாக இல்லை, அகலமாக இருந்தது. கடற்கரையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மூச்சு. பிறகு அது திறந்தது. மேலே பெண்களின் குரல் விரிய, அடியில் ஆண்களின் குரல் தரையோடு தரையாக வந்து, உட்கார்ந்திருந்த புல்லே லேசாக அதிர்வதுபோல் இருந்தது. நாலு வழி என்று அக்கா ரயிலில் சொன்னாளே, அந்த நாலும் எனக்கு அப்போது கேட்டது. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே, ஒரு இடத்தில் வந்து சேரும்போது, தம்பூராவில் நாலு தந்தியையும் மீட்டினால் அந்த நாலிலும் இல்லாத ஐந்தாவதாக ஒன்று கேட்குமே, அதுபோல் வானத்தில் ஒன்று கேட்டது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பாடகர்கள் நடத்துநருக்கு ஓக் இலை மாலை போட்டு, அவரைத் தூக்கி ஆகாசத்தில் வீசிப் பிடித்தார்கள். தலை நரைத்த ஒரு அம்மாளையும் அப்படித் தூக்கி வீசினார்கள். அவர் சிரித்துக்கொண்டே காற்றில் கையை ஆட்டி அடுத்த பாட்டுக்குத் தாளம் போட்டார்.

பக்கத்துப் பெண்ணிடம் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. நடுநடுவே அவளும் பாடினாள். புல்வெளியில் இருந்தவர்கள் எல்லாருமே பாடினார்கள். நீங்களும் பாடுவீர்களா என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா கோட்டின் காலரைக் கீழே இறக்கி, கழுத்துத் தழும்பைக் காட்டி, முன்னால் பாடினேன், இப்போது முடியாது என்றாள். அந்தப் பெண் தழும்பைக் கொஞ்சநேரம் பார்த்தாள். நகர்ந்து வந்து, புத்தகத்தை இருவர் மடிமேலும் படும்படி விரித்து, பாடவேண்டிய வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

அவர்கள் எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான். எழுதியதை அப்படியே படித்தால் போதும். அக்கா முதலில் உதட்டை மட்டும் அசைத்தாள். விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அப்போது என் பக்கத்தில் இருந்து ஒரு ஒலி வந்தது. யாரோ ஆண்பிள்ளை எங்கள் பின்னால் வந்து நின்று பாடுகிறான் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. அக்காதான்.

அது பழைய குரல் இல்லை. மேலே போகவில்லை, போக முயலவும் இல்லை. கீழே ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு, கரகரவென்று, அதே சமயம் ஸ்வரம் கொஞ்சம்கூடப் பிசகாமல், எதிரே ஆயிரக்கணக்கில் நின்றவர்களின் ஒரு பகுதியோடு ஒட்டிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் உடைந்தது. அந்தப் பெண்ணின் விரல் நிற்கவில்லை. அடுத்த வரியில் அக்கா சேர்ந்துகொண்டாள். எனக்கு பட்டாணி மடியில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டுக்கு மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பக்கத்துப் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். அது எல்லாருக்கும் மனப்பாடம். கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வளைவுக்குக் கீழே இருந்தும் சரிவில் இருந்தும் பாட்டு ஒன்றையொன்று நோக்கி வந்தது. யார் பாடுகிறவர், யார் கேட்கிறவர் என்ற பேதமே அங்கே இல்லை. வார்த்தை தெரியாத நாங்கள் இருவர்தான் கேட்டவர்கள் என்று சொல்ல நினைத்தால், அக்கா வாயை மூடிக்கொண்டு அந்தக் கீழ்த் தடத்தை ஹம் செய்துகொண்டிருந்தாள். நான் மட்டும்தான் மிச்சம். எனக்குத் தெரிந்தது அடிப்படை ஸ்வரமான ஷட்ஜம் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பொருந்திவிட்டது போலிருக்கிறது.

திரும்புகிற கப்பலில் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"நேத்து நான் பாடினது எந்தப் பாகம்னு தெரியுமா மக்ளே? டெனர். ஆம்பிளைங்க பாகம்."

"எப்படி அக்கா அது உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"தெரியல்ல. கால் வைக்கத் தடம் இருந்துது, வச்சேன்." பிறகு சொன்னாள், "முப்பத்தஞ்சு வருசம் அவங்க முன்னால நின்னு பாடியிருக்கேன். ஒருநாளும் நான் அதைக் காது குடுத்துக் கேட்டதில்ல. என்ன ஒரு அழகு அதுக்கு."

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவள் கோயர் பயிற்சிக்குப் போனாள். நடந்ததைத் திங்கட்கிழமை சொன்னாள். குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இவளைப் பார்த்ததும் சோப்ரானோ வரிசையில் இடம் விடச் சொன்னாராம். அங்கே வேண்டாம், என் குரலை ஒருதரம் கேளுங்கள் என்றிருக்கிறாள். ஆர்மோனியத்தில் கட்டை கட்டையாக இறங்கிப் பார்த்தாராம். இறங்க இறங்க குரல் உறுதியாகிக்கொண்டே போயிற்றாம். அவர் எழுந்துபோய் டெனர் வரிசை பெஞ்சில் நடுவில் ஓர் இடத்தைக் காட்டினாராம். அந்த வரிசையில் மூன்று ஆண்கள். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளை ஒருத்தி எங்கள் நடுவில் நின்றால் ஃபோட்டோவில் எப்படி இருக்கும் என்று முணுமுணுத்தாராம். வாத்தியார் அதற்கு, ஃபோட்டோவுக்கு நிற்கும்போது அவளை முன்னால் நிறுத்தலாம், பாடும்போது அங்கேதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாராம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை அவர்கள் சபையில் பாட்டு ஆராதனை. என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தாள். பாறசாலை பாசஞ்சரில் நான், என் கணவர், எங்களோடு சூப்ரண்டும் அவர் மனைவியும். நான் சர்ச்சுக்குள் போவது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்று தேடினேன், உள்ளேயே போட்டுக்கொண்டு போகலாம் என்றார்கள், மனசு வரவில்லை, வாசலில் விட்டுவிட்டுத்தான் போனேன். சின்னக் கோயில். ஓட்டுக்கூரை, காகித நட்சத்திரங்கள், பெஞ்சில் இடம் போதாமல் ஜன்னல் ஓரமெல்லாம் ஜனம்.

கோயர் வரிசையாக வந்து நின்றது. முன்னால் வெள்ளைப் புடவையில் பெண்கள். பின்னால் வெள்ளைச் சட்டையில் ஆண்கள். அந்த ஆண்களுக்கு நடுவில் வெள்ளைப் புடவையில் அக்கா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். மொத்தம் இருபத்திரண்டு பேர். நான் எண்ணினேன். தாலினில் அந்த வளைவின் ஒரு படிக்கட்டில் நின்ற கூட்டத்துக்குக்கூட இது காணாது.

அவர்கள் தமிழில் பாடினார்கள். வார்த்தை புரிகிற பாட்டில் நாலு குரலும் பிரிந்து சேர்வதை நான் அன்றுதான் கேட்டேன். வாத்தியார் பெரிய கையசைப்பெல்லாம் செய்யவில்லை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் அசைத்தார். அந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட, ஒரு ஈ எறும்பு அசையவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு இடம் வந்தது. மேல்குரல்கள் எல்லாம் ஓய்ந்து, டெனர் மட்டும் தனியாக ஒரு வரியைப் பாடவேண்டும். மூன்று ஆண்களும் அக்காவும். அந்த நாலில் மணல் கலந்த குரல் எது என்று எனக்குத் தெரியும். அது மற்ற மூன்றையும் ஒட்டவைக்கிற சாந்து மாதிரி இருந்தது. என் பக்கத்தில் சூப்ரண்ட் கைக்குட்டையை எடுத்தார். என் கணவருக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது, அவர் முன்பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் கேக்கும் சாயாவும் கொடுத்தார்கள். டெனர் வரிசையின் மூத்தவர் சாயாக் கோப்பையோடு எங்களிடம் வந்தார். நாங்கள் யார் என்று அக்கா சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "இவ வந்த பொறவு எனக்கு மூச்சுக்கு எடம் கெடைக்கு கேட்டேளா. முன்ன அந்த நீட்ட வரியில நான் செத்துப் பொழைப்பேன்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் வாங்கப் போனார். அக்கா சிரித்தாள். அந்தக் கனத்த குரலில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கனமாக வந்தது. என் செருப்பு எங்கே என்று இரண்டு பேரும் வாசல் முழுக்கத் தேட ஆரம்பித்தோம்.